யாரும் கொல்லாத மீன்

கடந்த தை மாதத்தில் ஐந்து நாட்கள் ஒரு வண்டிக்குள் குடியிருந்தேன். லொஸ் ஏஞ்சலிஸில் வசிக்கும் என் மருமகன் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோம் அது. இருபத்தைந்து அடி நீளம். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் யாவும் அதற்குள் அடக்கம். இளைப்பாறிய பத்திரிகைக்காரனான மாமனைப் பாலைவனத்து வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துச் சென்று அவருடைய முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்ப்பது அவனது திட்டம். முழங்காலைப் பொறுத்தவரை திட்டம் வெற்றியே. ஆனால் நான் குளித்த அந்த ஊற்றின் வரலாற்றைத் திரும்பி வந்தபின் வாசித்தபோது மூண்ட சினம் இன்னும் ஆறவில்லை. இக்கட்டுரை அந்தச் சினத்தில் எழுதப்படுவது.

இடத்தின் பெயர் டெக்கோபா. கலிபோர்னியாவின் இன்யோ மாவட்டத்தில், மரணப் பள்ளத்தாக்கின் தென்கிழக்கே உள்ள சிற்றூர். லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸ் செல்லும் நெடுஞ்சாலையில் பேக்கர் என்னும் ஊர்வரை சென்று, அங்கிருந்து வடக்கே 127-ஆம் இலக்க வீதியில் திரும்பவேண்டும். பேக்கரில் 134 அடி உயரமான வெப்பமானி ஒன்றை நட்டுவைத்திருக்கிறார்கள். 1913 ஜூலை 10-ஆம் திகதி மரணப் பள்ளத்தாக்கில் 134 பாகை பரனைற் வெப்பம் பதிவானதன் ஞாபகார்த்தம். அப்பதிவு சரியானதுதானா என்று வானிலையாளர்களிடையே இன்று சர்ச்சை உண்டு. வெப்பமானிக்கு அதைப் பற்றிய கவலை இல்லை. பேக்கரைத் தாண்டினால் ஐம்பது மைல் அளவுக்குச் சாலையோரத்தில் ஒரு கடையும் கண்ணிற் படவில்லை.

அதன் பின்னர் வெண்ணிறக் களிமண் மேடுகள் தொடங்குகின்றன. பனியுகக் காலத்தில் அங்கே பெரிய ஏரியொன்று இருந்தது; மேடுகள் அதன் அடிப்படிவுகள். அவற்றுக்கிடையே, பெரும்பாலும் நிலத்துக்குக் கீழேயே ஓடி இடையிடையே மட்டும் தலைகாட்டும் அமர்கோசா ஆறு. ஸ்பானிய மொழியில் அதற்குக் ‘கசப்பானது’ என்று பொருள். அந்த ஆற்றின் ஓரத்தில் வெந்நீர் ஊற்றுகள், புல்லடர்ந்த சதுப்புகள், குளியல் மண்டபங்கள், அவற்றைச் சுற்றி வீட்டுவண்டிகள் வரிசையாக நிற்கும் முகாம்கள்.

பாலைவனத்துப் பயணிகளை நான் இழிவுபடுத்த வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமது முகாமில் இருந்தவர்களிற் பெரும்பாலானோர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். குளிர் மாநிலங்களிலிருந்து மாரியைக் கழிக்க வருபவர்களைப் பனிப்பறவைகள் என்று அழைக்கிறார்கள். இளைப்பாறிய பாடசாலை ஆசிரியை, லொறிச் சாரதி, கணவனை இழந்த தாதி. வீட்டை விற்று வண்டியை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழும் இவர்கள் உல்லாசிகள் அல்லர். வெந்நீரில் இறங்கும்போது அவர்களுடைய முகத்தில் தோன்றிய ஆறுதல் போலியானதும் அன்று. நானும் இறங்கினேன். சேற்று மணமும் உப்புப் பிசுக்கும் கலந்த அந்த நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருந்தபோது, வாழ்நாள் முழுவதும் செய்திமேசையில் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

வண்டிக்குள் இருந்த ஒழுங்கு என்னைக் கவர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி. கை கழுவிய நீருக்குச் சாம்பல்நிறத் தாங்கி. மலசலத்துக்குக் கறுப்புத் தாங்கி. பெயர்களை அப்படியேதான் வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள பலகையில் சிறு விளக்குகள் மூன்று தாங்கிகளின் மட்டத்தையும் காட்டும். கறுப்புத் தாங்கி நிரம்பினால் குறித்த இடத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்று, கையுறை அணிந்து, குழாய் பொருத்தி வெளியேற்றவேண்டும். என் மருமகன் பல்துலக்கும்போது குழாயை மூடிவைக்கச் சொல்லி என்னை நாளுக்கு இருமுறை எச்சரித்தான். ஒவ்வொரு குவளை நீருக்கும் அந்த வண்டிக்குள் கணக்கு இருந்தது. கதவைத் திறந்து வெளியே காலை வைத்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். குளியல் மண்டபத்தில் நீர் இரவு பகலாகப் பொங்கி வழிந்தது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எவரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை வண்டிக்கு வெளியே கதிரைகளைப் போட்டு அமர்ந்திருந்தபோது மருமகன் சொன்னான்: “ஒண்டும் இல்லாததுதான் இந்த இடத்தின்ர விசேஷம், மாமா.”

அவன் நல்ல பிள்ளை. அவன் சொன்னது அவனுடைய சொந்தக் கருத்தும் அன்று. பாலைவனப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் வண்டி வாடகைக்கு விடுகிறவர்களும் விற்கின்ற சரக்கு அது. வெறுமை, தனிமை, எல்லையற்ற வெளி, சுதந்திரம். ஒன்றும் இல்லாத இடம் என்று ஒரு நிலத்தைக் குறிப்பிடுகிறவர்கள், அங்கே என்ன இருந்தது, அது எப்படி இல்லாமற் போயிற்று என்ற கேள்வியை எழும்பவிடாமற் செய்துவிடுகிறார்கள். டெக்கோபாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குத் திட்டவட்டமான பதில் உண்டு. ஆண்டு உண்டு. அரசாங்க வர்த்தமானியில் ஆவணம் உண்டு.

அங்கே ஒரு மீன் இருந்தது.

ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத மீன். ஆங்கிலத்தில் டெக்கோபா பப்ஃபிஷ் என்று பெயர். அந்த ஏரி வற்றியபோது ஊற்றுகளில் தங்கிவிட்ட மீன்குலத்தின் ஒரு கிளை. பாலைவனம் முற்றமுற்ற, ஒவ்வோர் ஊற்றிலும் ஒதுங்கிய மீன்கள் தத்தமது நீருக்கேற்ப மாறின. டெக்கோபாவின் இரு வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வழிந்தோடும் ஓடைகளில் வாழ்ந்த இந்த மீன் 42 பாகை செல்சியஸ் அளவிலான நீரிலும் காணப்பட்டது. ஏனைய மீன்கள் வெந்துபோகும் சூட்டில் இது பாசியையும் நுளம்புக் குடம்பிகளையும் தின்று குஞ்சு பொரித்தது. இனப்பெருக்க காலத்தில் ஆண்மீன் நீலமாக மின்னும். மீனியல் அறிஞர் ரொபேர்ட் றஷ் மில்லர் 1948-இல் இதைத் தனியொரு துணையினமாக விவரித்துப் பெயரிட்டார்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தெற்குப் பையூட், ஷோஷோனி மக்கள் வாழ்ந்த பிரதேசம் அது. பையூட் தலைவர் ஒருவருடைய பெயரே இன்று ஊரின் பெயர். பின்னர் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். 1907-இல் புகையிரதப் பாதையும் வந்தது. 1940-இல் அது மூடப்பட்டது. இத்தனை பேர் வந்தும் போயும் வெந்நீரைப் பயன்படுத்திய பின்னரும், மில்லர் தேடியபோது மீன் அங்கேதான் இருந்தது. மனிதர் குளித்ததனால் மீன் அழியவில்லை என்பதை வாசகர்கள் இவ்விடத்திற் கவனித்துக்கொள்ளவேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காரும் வண்டியும் பெருகின. வெந்நீர்க் குளியல் பிரபலமாயிற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஊற்றுகளின் மேல் குளியல் மண்டபங்கள் எழுந்தன. ஊற்றுக்குளங்கள் அகலப்படுத்தப்பட்டன. வழிந்தோடும் நீர் திசைதிருப்பப்பட்டது. 1965-இல் இரு ஊற்றுகளின் ஓடைகளையும் ஒன்றாக்கி ஒரே கால்வாயில் விட்டார்கள். வேலை சுத்தமாக நடந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்னர் ஆழமின்றிப் பரந்து, ஆறி ஆறி ஓடிய நீர் இப்போது வேகமாக ஓடியது. வேகமாக ஓடியதால் நீண்ட தூரத்துக்குச் சூடு தணியவில்லை. மீன் தாங்கக்கூடிய சூடும் மீன் முட்டையிடக்கூடிய அமைதியும் சேர்ந்திருந்த அந்தச் சில மீற்றர் ஓடை இல்லாமற் போயிற்று. கீழே ஆற்றுப் பக்கம் தப்பியவற்றை எதிர்கொள்ள, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேற்றின மீன்கள் காத்திருந்தன. 1970-ஐ ஒட்டி டெக்கோபா மீன் கண்ணிலிருந்து மறைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க அரசு அதை அழிவாபத்துக்குள்ளான உயிரினமாக அறிவித்தது! பிணத்துக்குப் பிணை வழங்குவது போன்ற காரியம்.

எழுபதுகளில் சுற்றுப்புற நீர்நிலைகள் எல்லாவற்றிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1982 ஜனவரி 15-ஆம் திகதி வெளியான சமஷ்டி வர்த்தமானியில் அம்மீனின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்காவின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தின் கீழ், அழிந்துவிட்டது என்ற காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதலாவது உயிரினம் இதுவே. ‘பட்டியல் நீக்கம்’ என்பது அவர்கள் பயன்படுத்தும் சொல். குணமடைந்த உயிரினத்துக்கும் அதே சொல், செத்த உயிரினத்துக்கும் அதே சொல். செய்திமேசையில் இத்தகைய அரச சொற்களோடு நீண்டகாலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. அலுவலகங்கள் தமது தோல்விக்கும் தமது வெற்றிக்கும் ஒரே கடிதத்தலைப்பைத்தான் பயன்படுத்தும்.

இந்தக் கதையைச் சொன்னால் வரும் முதலாவது மறுமொழி எல்லோருக்கும் தெரிந்தது: ஒன்றரை அங்குல மீனால் என்ன பயன்?

இக்கேள்வி அப்பிரதேசத்தில் எழுபதுகளில் வண்டிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. டெக்கோபாவுக்கு வடக்கே, நெவாடா மாநில எல்லைக்குள், டெவில்ஸ் ஹோல் என்ற பாறைப்பிளவு ஒன்று இருக்கிறது. அதற்குள் உள்ள வெந்நீர்க் குளத்தில் இதே குலத்தைச் சேர்ந்த வேறொரு மீன். அருகிலிருந்த பண்ணையாளர்கள் நிலத்தடி நீரை இறைத்ததால் குளத்தின் மட்டம் இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மீனைக் காப்பாற்று என்று ஓர் ஒட்டி, மீனைக் கொல் என்று இன்னோர் ஒட்டி. நெவாடாப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், குளத்தில் மீன்கொல்லி மருந்தை ஊற்றினாற் பிரச்சினை தீரும் என்ற தொனியில் எழுதினார். எமது தொழிலின் பெருமைகளைப் பேசும் மேடைகளில் இதையும் ஒருமுறை வாசிக்கவேண்டும். 1976 ஜூனில் நீதிமன்றம் ஏகமனதாக மீனின் பக்கம் நின்று, நீர்மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. அந்த மீன் இன்றும் உயிரோடிருக்கிறது, மயிரிழையில் என்றாலும். 2024 வசந்தத்தில் 191 ஆக இருந்த எண்ணிக்கை, நிலநடுக்கங்கள் குளத்தின் பாசித்தட்டை அலைத்துச் சென்றபின், 2025-இல் 38 ஆக வீழ்ந்தது.

எட்வின் பில் பிஸ்டர் என்ற மீன்வள உத்தியோகத்தர் இதே இன்யோ மாவட்டத்தின் பிஷப் நகரிற் பணியாற்றியவர். 1969 ஓகஸ்டில், வற்றிக்கொண்டிருந்த சிறு குளமொன்றிலிருந்து ஓவன்ஸ் பப்ஃபிஷ் இனத்தின் எஞ்சிய மீன்கள் ஏறத்தாழ எண்ணூறை இரண்டு வாளிகளிற் சுமந்து வேறிடம் சேர்த்தவர். சில நிமிட நேரம் ஓர் இனம் முழுவதும் அவருடைய இரு கைகளிலும் தொங்கியது. மீனால் என்ன பயன் என்று கேட்டவர்களிடம், உங்களால் என்ன பயன் என்று அவர் திருப்பிக் கேட்பாராம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். ஆனாலும் அதற்குள் ஒளிய நான் விரும்பவில்லை. கேட்கிறவர் ஓய்வூதியத்தில் வாழும் மூட்டுவாதக்காரராக இருந்தால், அவருக்குக் கிண்டலைவிட மேலான பதில் தரவேண்டிய கடமை எமக்கு உண்டு.

என் பதில் இதுதான். ஐயா, அம்மா, உங்களுடைய குளியலுக்கும் அந்த மீனுக்கும் போட்டியே இருக்கவில்லை. மீன் உங்கள் தொட்டியைக் கேட்கவில்லை. அது வாழ்ந்தது நீங்கள் குளித்து முடித்தபின் வெளியே வழிந்த நீரில். உங்களுக்குக் கழிவுநீர், அதற்கு உலகம். அந்தக் கழிவுநீர் பழையபடி ஆழமின்றி, மெதுவாக, ஆறி ஓடுவதற்கு ஒரு சிறு ஓடையை விட்டிருந்தாற் போதும். மண்வெட்டி பிடித்த இரண்டு பேருக்கு ஒரு வாரத்து வேலை. கட்டடக்காரருக்கு நேர்க்கோட்டில் ஒரு கால்வாய் வசதியாக இருந்தது. மீனைக் கேட்டு வரைபடம் கீறுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. அபிவிருத்தியா, இயற்கையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து டெக்கோபாவைத் தமது தலைப்பிற் சேர்க்காதிருக்கட்டும். அங்கே எதற்காகவும் எதுவும் தியாகம் செய்யப்படவில்லை. கவனக்குறைவால் ஓர் உயிரினம் போயிற்று.

இது என் கற்பனை என்று சொல்கிறவர்கள் டெக்கோபாவிலிருந்து ஒன்பது மைல் அளவில் உள்ள ஷோஷோனி என்ற குக்கிராமத்துக்குச் செல்லலாம். அங்கும் வெந்நீர் ஊற்று. அங்கும் வீட்டுவண்டி முகாம். ஊற்றுநீரில் நீச்சல் தடாகமும் உண்டு. அங்கேயிருந்த மீனும் அழிந்துவிட்டதாகவே நம்பினார்கள். 1986-இல் ஊற்றிலிருந்து வழியும் நீரில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கெனக் குளங்கள் வெட்டினார்கள். இன்று விருந்தினர் தடாகத்தில் நீந்துகிறார்கள். மீன்கள் தமது குளத்தில் நீந்துகின்றன. சதுப்பைச் சீர்செய்து, அமர்கோசா வயலெலி என்ற அபூர்வப் பிராணியையும் 2020-இல் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். திரும்பும் வழியில் அங்கு ஒரு மணிநேரம் நின்றோம். கரையிலிருந்து பார்த்தபோது ஏதோ துள்ளியது. மீனா காற்றா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மறுமொழி சற்றுக் கல்விமான்தனமானது. அழிந்தது துணையினந்தானே, அதன் உறவு மீன்கள் அமர்கோசா ஆற்றில் இன்னும் இருக்கின்றனவே என்பார்கள். உண்மை, இருக்கின்றன. 42 பாகை நீரைத் தாங்கிய அந்தக் குடும்பக் கிளை இல்லை. பத்தாயிரம் ஆண்டளவில் ஒரு சிற்றோடைக்குள் கற்றுக்கொண்டதைச் சித்தப்பன் பிள்ளைகள் அறியமாட்டார்கள். ஒரு மொழி அழியும்போது, அதன் கிளைமொழிதான் போயிற்று, மூலமொழி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்பவரை நாம் எவ்வாறு பார்ப்போமோ அவ்வாறே இவர்களையும் பார்க்கிறேன்.

மூன்றாவது மறுமொழியே என்னை எழுதத் தூண்டியது. மீனை யாரும் கொல்லவில்லையே என்பது அது.

சரிதான். ஒருவரும் வலை வீசவில்லை. நஞ்சூற்றவில்லை. மண்டபம் கட்டியவர் மீனைக் கண்டிருக்கவும் மாட்டார். குளித்தவர் சவர்க்காரத்தைத் தேடியிருப்பாரேயன்றி மீனைத் தேடியிருக்கமாட்டார். ஒரு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சிகள் அனைவரும் குற்றமற்றவர்களாகவே வெளியேறுவர். ஆயினும் மீன் செத்துவிட்டது. அதன் வீட்டை மாற்றினார்கள், அது செத்தது. வீட்டை மாற்றுவதும் கொலையாகலாம் என்பதை ஏற்றுக்கொள்ளும் சட்டம் 1965-இல் இருக்கவில்லை.

பின்னர் அது வந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்குக்குத் ‘தீங்கு’ செய்வதைத் தடை செய்தது. அச்சொல்லுக்கு 1975-இல் எழுதப்பட்ட விதியின்படி, வாழிடத்தைப் பெருமளவில் மாற்றுவதும் சிதைப்பதும் விலங்கின் சாவுக்கோ காயத்துக்கோ காரணமானால் அதுவும் தீங்கே. மரவியாபாரிகளும் நிலச் சொந்தக்காரரும் அவ்விதியை எதிர்த்து வழக்காடினர். 1995-இல் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் விதி செல்லுபடியாகும் என்றது. மறுத்த மூவரின் சார்பில் எழுதிய நீதியரசர் ஸ்காலியா, சட்டத்திலுள்ள சொற்கள் விலங்கின்மீது நேரடியாகக் குறிவைத்துச் செய்யப்படும் செயல்களையே சுட்டுகின்றன என வாதிட்டார். வேட்டையாடுவது, சுடுவது, பொறிவைப்பது போன்றவை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், அமெரிக்க நிர்வாகம் அந்த விதியை அடியோடு நீக்கும் முன்மொழிவை வெளியிட்டது. நீதியரசரின் அன்றைய மறுப்பே சரியான வாசிப்பு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொற்பொருள் ஆராய்பவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களோடு இலக்கண வாதத்துக்கு நான் வரவில்லை. ஒரேயொரு கேள்வி மட்டும். விலங்கின்மீது கை வைத்தால்தான் தீங்கு என்றால், டெக்கோபா மீனுக்கு நடந்ததன் பெயர் என்ன? அது சுடப்படவில்லை. பொறியில் விழவில்லை. அதன் உடலில் ஒரு கீறல் இல்லை. அவர்களுடைய அகராதியின்படி அம்மீனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அது உயிரோடு இல்லை, அவ்வளவுதான். சட்டம் தன் பட்டியலிலிருந்து அழிவின் காரணமாக முதன்முதலில் நீக்கிய உயிரினமே இப்படி மாண்டது என்பதை அறியாமலா இந்த முன்மொழிவை எழுதினார்கள்? அறிந்திருந்தால் அது நாணயமின்மை. அறியாமல் எழுதினார்கள் என்றால், அந்தத் திணைக்களத்தின் சொந்த வர்த்தமானியை அவர்களே வாசிப்பதில்லை என்றாகும்.

இது கடந்தகாலச் சங்கதியும் அன்று. டெக்கோபாவின் சதுப்புகளில், உலகில் வேறெங்கும் இல்லாத அந்த அமர்கோசா வயலெலி இன்றும் வாழ்கிறது. 1984-இல் சமஷ்டிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வீடு, ஊற்றுநீர் வழிந்து நனைக்கும் கோரைப்புல். சதுப்பொன்றுக்குச் செல்லும் நீர் தடைப்பட்டுப் புல் காயத் தொடங்கியபோது, 2014-இல் குட்டிகளைப் பிடித்துச் சென்று பல்கலைக்கழகக் கூண்டுகளில் வளர்க்கவேண்டி வந்தது. மீண்டும் அதே கதை, அதே வழிநீர். இம்முறை சட்டம் இருந்ததால் எலிக்கு வைத்தியர்கள் கிடைத்தார்கள். எலியை அடித்தால்தான் குற்றம், புல்லைக் காயவிட்டால் குற்றமில்லை என்று நாளைக்கு விதி வருமானால், அடுத்த கால்வாயை நேராக வெட்டப்போகிறவரை நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது?

தூரதேசத்து மீனுக்கும் எலிக்கும் வக்காலத்து வாங்கும் இவர், ஊர் ஊற்றைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நான் சிறுவயதில் வாளியால் அள்ளிக் குளித்திருக்கிறேன். அந்தக் கிணறுகளில் எவரும் இறங்குவதில்லை. மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. அது எமது மேன்மை என்று பீற்றிக்கொள்ளமாட்டேன். கிணறு சிறிது, இறங்க இடமில்லை. மேலும் கன்னியாவில் நடக்கும் சண்டை, அது யாருடையது என்பதைப் பற்றியது. தொல்லியல் திணைக்களமும் ஆலயத் தரப்பும் நீதிமன்றம் வரை சென்றன. அந்த வழக்கின் நியாயம் பற்றி வேறு சந்தர்ப்பத்தில் விரிவாக எழுதவேண்டும். இங்கே ஒன்றை மாத்திரம் குறிப்பிடுகிறேன். யாருடையது என்ற ஆரவாரத்தில் எமது பத்திரிகைகள், நான் பணியாற்றியவை உட்பட, அக்கிணறுகளின் நீரில் என்ன வாழ்கிறது, அது எங்கிருந்து ஊறுகிறது என்று ஒரு பத்தி எழுதியதாக எனக்கு நினைவில்லை. நானும் எழுதவில்லை. ஆகவே மருமகனைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை.

கடைசி நாள் காலை வண்டியைப் புறப்படுத்துமுன் கறுப்புத் தாங்கியை வெறுமையாக்கவேண்டியிருந்தது. மருமகன் கையுறையோடு அந்த வேலையில் இருந்தபோது நான் குளியல் மண்டபத்தின் பின்புறமாக நடந்தேன். சுவரின் அடியிலிருந்து குழாய்வழியாக நீர் வெளியேறி ஒரு வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. குளிரில் அதன்மேல் ஆவி எழுந்தது. குனிந்து விரலை வைத்தேன், சுட்டது. பத்தடி கீழே போய் வைத்தேன், இன்னும் சுட்டது. இருபதடி, முப்பதடி. மீனைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. நீர் எவ்விடத்தில் ஆறுகிறது என்று பார்க்கும் வெறும் குறும்புத்தனந்தான். கோரைப்புல் தொடங்கும் இடத்துக்கு இன்னும் சற்றுத் தூரம் இருந்தது. வண்டியின் ஹோர்ன் கேட்டது. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.